ஆறாவது வலயம்

அப்பா பார்த்த வேலையைத்தான் நானும் பார்க்கிறேன். அவருக்கு அதற்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டார்கள். நான் கொட்டேஷன் போடுகிறேன்.

பங்களாத் தோட்டத்தில் இருட்டும் நேரத்துக்கு விளக்கு எரிய வேண்டும், தூங்கும் நேரத்துக்கு அணைய வேண்டும். எந்த மூலையில் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரம் என்பதில் பிசகு வரக்கூடாது. அவ்வளவுதான் வேலை. அப்பா இதை இரண்டு கால், ஒரு தீப்பெட்டி, ஒரு பழந்துணியோடு செய்தார். என்னிடம் ஒரு ட்ரான்ஸ்ஃபோமர், ஆறு ரிலே, ஓர் ஒளி உணரி, சூரிய அஸ்தமனத்தைத் தானே கணக்குப் போடும் டைமர் எல்லாம் இருக்கின்றன. பிசகு வந்தது என் காலத்தில்தான்.

இடம், இலங்கையில் பதுளையிலிருந்து பசறைப் பக்கம் ஏறும் ஒரு தேயிலைத் தோட்டம். நமுனுகுல மலை கண்ணுக்கு நேரே நிற்கும். தோட்டத்தின் பெயர் வேண்டாம். பங்களா இப்போது ஹோட்டல். எனக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி வர இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தப் பங்களாவுக்குக் கரண்ட் ஸ்டோரிலிருந்து, அதாவது தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து, வந்தது. ஓடையை மறித்து, குழாய் வழியாகத் தண்ணீரை இறக்கி, ஸ்டோருக்குப் பின்னால் ஒரு டர்பைன் சுற்றிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் கென்டல் என்ற ஊரில் கில்க்ஸ் கம்பெனி வார்த்த டர்பைன்கள் அந்தக் காலத்தில் மலைநாட்டு ஸ்டோர்கள் பலவற்றில் ஓடின. ரோலரும் காற்றாடியும் தின்றது போக மிச்சம்தான் தோட்டத்தை நடத்திய துரைக்கு. ஆடி ஆவணியில் கச்சான் காற்று வறண்டு வீசும்போது ஊவாத் தேயிலைக்கு உலகம் மெச்சும் வாசம் ஏறும். ஓடையில் தண்ணீர் இறங்கும். தேயிலைக்கு நல்ல விலை வரும் மாதத்தில் துரையின் சாப்பாட்டு மேசை மங்கலாகத்தான் இருந்தது.

அதனால் தோட்டத்து வெளிச்சத்துக்குக் கரண்டை நம்பவில்லை. பதினாலு ஹரிக்கேன் லாம்பு. கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரைக்கும் எட்டு, படிக்கட்டில் நாலு, சைப்ரஸ் மரத்தடியில் ஒன்று, பின்பக்கக் குசினி வாசலில் ஒன்று. துரைக்கு விருந்தாளி வந்தால் பதினாலும். வராவிட்டால் படிக்கட்டு மட்டும். பெரியதுரை கிளப்புக்குப் போயிருந்தால் கேட்டுப்பக்கம் எட்டும் எரிய வேண்டும். திரும்பிய பிறகு கேட்டிலிருந்து ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வர வேண்டும், படுக்கையறை ஜன்னலுக்கு எதிரே இருப்பதைக் கடைசியாக. துரை எந்த நிலையில் திரும்பினார் என்பதைப் பொறுத்து, படிக்கட்டு லாம்புகளை விடியும்வரை அணைக்காமல் விடுவதும் உண்டு. இதற்கெல்லாம் எழுதிய சட்டம் எதுவும் கிடையாது. இப்போது நான் இதை ‘சீன்’ என்று பெயர்வைத்து, ஒவ்வொரு சீனுக்கும் தனிக் காசு வாங்குகிறேன்.

எப்போது ஏற்றுவது? அப்பாவிடம் கடிகாரம் இல்லை. உள்ளங்கையை முகத்துக்கு முன்னால் விரித்துப் பார்ப்பார். கைரேகை தெரிந்தால் இன்னும் பகல். தெரியாவிட்டால் தீப்பெட்டி. பல வருஷம் கழித்து, ஒரு வெளிச்ச மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அதே புல்தரையில் நின்று என் உள்ளங்கையை நானும் பார்த்தேன். என் கருவியை 10 லக்ஸில் ஏறும்படி வைத்திருந்தேன். அப்பாவின் அளவு அதைவிடக் குறைவு. மண்ணெண்ணெய் கணக்குக் கேட்கிற காலத்துக் கண் அது.

லாம்புகளின் அடியில் மிஞ்சும் எண்ணெயைக் காலையில் ஒரு குப்பியில் வடித்துக் கொண்டுவருவார். தொழிலாளர் வரிசை வீடுகள்தான் லயம். எங்கள் லயத்துக் காமிரா, அந்த ஒற்றை அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் ஒரே ஒரு குப்பிலாம்பு. துரையின் விருந்தாளிகள் அதிகம் வந்த மாதங்களில் நான் பரீட்சையில் நன்றாகச் செய்தேன். 1975இல் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. வெள்ளைக்காரத் துரை போனார், நம் நாட்டுத் துரை வந்தார். லாம்பு பதினாலுதான். கிளப்பும் அதே கிளப்.

வெளிச்சமே வேண்டாம் என்று நாங்கள் வேண்டிக்கொண்ட ராத்திரியும் ஒன்று உண்டு. 1983 ஜூலைக் கடைசியில், தமிழருக்கு எதிரான கலவரத்தில் பதுளை பஜார் எரிந்தபோது, லயத்தில் ஒரு குப்பிலாம்புகூட ஏற்றவில்லை. தேயிலைச் செடிகளுக்கு அடியில் படுத்துக்கிடந்தோம். மலைக்கு அந்தப்பக்கம் வானம் சிவந்திருந்தது. அம்மா தங்கச்சியின் வாயைப் பொத்தியிருந்தாள். பங்களாவில் அன்றைக்கு எத்தனை லாம்பு எரிந்தது என்று அப்பாவிடம் நான் கேட்கவில்லை.

பிறகு நான் பதுளையில் வயரிங் படித்தேன், பாஸ் ஆனேன். எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்தபோது வயர் இழுத்தவர்களில் நானும் ஒருவன். காமிராவுக்கு ஒரு பல்பு. தகரக் கூரைக்கு அடியில், மழை ஒழுகும் சுவரோரம், 230 வோல்ட். பேப்பரில் லயம் எரிந்த செய்தி வரும்போதெல்லாம் ‘மின்னொழுக்கே காரணம் எனச் சந்தேகம்’ என்று முடிப்பார்கள். அந்த வரியைப் படிக்கும்போது இப்போதும் என் கைக்குள் ஸ்க்ரூ டிரைவர் இருப்பதுபோல இருக்கும்.

1998இல் வளைகுடாவுக்குப் போனேன். பாலைவனத்து ஹோட்டல் ஒன்றில் பேரீச்ச மரங்களுக்கு விளக்குப் போடும் வேலை. அங்கேதான் குறைந்த மின்னழுத்தம் என்கிற சங்கதியைக் கற்றேன். வீட்டுக் கரண்டை ட்ரான்ஸ்ஃபோமரில் 12 வோல்ட்டாக இறக்கிவிட்டால், ஈரப் புல்லில் வயர் கிடந்தாலும், தோட்டக்காரன் மண்வெட்டியால் அதை வெட்டினாலும், உயிருக்கு ஆபத்து இல்லை. புல்லுக்கும் பூச்செடிக்கும் 12 வோல்ட், ஒழுகுகிற லயத்துக்கு 230. இந்த ஏற்பாட்டை யாரும் யோசித்துச் செய்யவில்லை. அது தானாக அமைந்தது, ஆட்டோமேட்டிக்காக.

2012இல் திரும்பி வந்தேன். எல்ல என்ற ஊர்ப் பக்கம் அடையாளமே மாறியிருந்தது. ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வருவதைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வந்து குந்தியிருந்தார்கள். 1992இல் தோட்டங்கள் மறுபடி கம்பெனிகளின் கைக்குப் போயிருந்தன. பழைய துரைமார் பங்களாக்கள் ஒவ்வொன்றாக ஹோட்டலாகிக்கொண்டிருந்தன. எங்கள் பங்களாவும் குத்தகைக்குப் போனது. தோட்டத்துக்கு விளக்குப் போட ஆள் தேடினார்கள். நான் முன்வாசல் படியில் ஏறிப்போய்க் கையெழுத்துப் போட்டேன். அதற்கு முன் அந்தப் படியில் நான் ஏறியதே இல்லை; அது எத்தனை படி என்பது மட்டும் அப்பா சொல்லித் தெரியும்.

வேலையின் முதல் பாடம், தோட்டத்தை வலயமாகப் பிரிப்பது. ஒரே சுவிட்சில் எல்லா விளக்கையும் போடுகிறவன் கல்யாணவீட்டு லைட்காரன். வண்டிப்பாதை முதல் வலயம், படிக்கட்டு இரண்டாவது, மரங்கள் மூன்றாவது, புல்தரை ஓரம் நாலாவது, விளிம்பில் நின்று பள்ளத்துத் தேயிலையைக் காட்டும் விளக்குகள் ஐந்தாவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிலே, ஒவ்வொன்றுக்கும் தனி நேரம். வண்டிப்பாதை விடியும்வரை எரியலாம். மரங்கள் பதினோரு மணியோடு ஓய்ந்தால் போதும், மரத்தில் தூங்கும் பறவைகளுக்கும் ஞாயம் இருக்கிறது. பெட்டியில் ஆறு ரிலே. ஆறாவது காலி. வரைபடத்தில் அதற்கு நேரே ‘வலயம் 6’ என்று மட்டும் எழுதினேன். எழுதும்போது பேனா முதல் எழுத்தில் மை விடவில்லை. ‘லயம் 6’ என்றுதான் விழுந்தது. திருத்திவிட்டேன்.

தோட்டங்களில் இது புதுக்கலை ஒன்றும் இல்லை. வெள்ளைக்காரன் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே வலயம் பிரித்துவிட்டான். மேட்டில் பங்களா, அதற்குக் கீழே டீமேக்கர் வீடு, பிறகு கணக்கப்பிள்ளை வீடு, கடைசியில் பள்ளத்தில் லயம். வெளிச்சமும் அந்த வரிசையில்தான் இறங்கியது.

இனி பிசகுகளைச் சொல்கிறேன்.

டைமரோடு எனக்குப் பழைய பகை. வளைகுடாவுக்குப் போகுமுன், 1996 தொடக்கத்தில், பண்டாரவளையில் ஒரு விடுதிக்கு என் முதல் டைமரை மாட்டினேன். மாலை ஆறேகாலுக்கு ஏறும். அந்த வருஷம் மழை பொய்த்தது, நீர்த்தேக்கங்கள் வற்றின, கரண்ட் வெட்டு வந்தது. வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க மே மாதம் அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தையே ஒரு மணிநேரம் முன்னால் தள்ளியது. காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் பெண்கள் இருட்டில் தடவிக்கொண்டு போனார்கள். என் டைமர் புது நேரத்துக்கு வைக்கப்பட்டதும், வெயில் அடிக்கும்போதே விளக்கைப் போட்டது. போய்த் திருத்தினேன். ஒக்டோபரில் அரை மணிநேரம் பின்னால் இழுத்தார்கள். மறுபடி போனேன். மிச்ச அரை மணியையும் 2006 சித்திரைப் புத்தாண்டோடு இழுத்து, பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்கள். நல்லவேளை, அப்போது நான் கடல்தாண்டி இருந்தேன். மூன்று தடவையும் அப்பாவின் கைரேகை மாறவில்லை.

ஆகவே இந்தப் பங்களாவுக்கு அஸ்தமனத்தைக் கணக்குப் போடும் டைமர் வாங்கினேன். ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் போதும். கென்டல் போன்ற ஊரில் இது இல்லாமல் முடியாது. அங்கே மாரியில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறையும், கோடையில் ஒன்பதரைக்குப் பிறகும் சூரியன் நிற்கும். பதுளையில் வருஷம் முழுவதும் சேர்த்து வித்தியாசம் நாற்பது நிமிஷம்தான்: ஐப்பசி கார்த்திகையில் ஆறுக்குக் கால்மணி முன்னால், ஆடியில் ஆறரைக்குக் கொஞ்சம் முன்னால். அந்த நாற்பது நிமிஷத்துக்கு எங்கள் லயத்தில் ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவு போயிற்று. ஆனாலும் கணிதம் சரி, மலை சரியில்லை. மேற்கே மலை இருப்பது டைமருக்குத் தெரியாது. அது அடிவானத்தில் சூரியன் இறங்கக் காத்திருக்க, புல்தரையில் வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் கதிரைக் காலில் தடுக்கிவிழுந்தார்.

ஒளி உணரி ஒன்றைச் சேர்த்தேன். மார்கழி வந்தது. வடகீழ் மழையோடு பனிமூட்டம் மேலேறி மத்தியானம் மூன்று மணிக்குப் பங்களாவை மூடியது. விளக்கெல்லாம் ஏறிக்கொண்டன. பனி கலைந்தது, அணைந்தன. திரும்ப மூடியது, ஏறின. மனேஜர் போன் எடுத்தார்.

“அண்ணே, ஒங்க மெஷினுக்கு இன்னிக்கு இதோட நாலாவது தடவ பொழுது சாயுது.”

ஐந்தரைக்கு முன்னால் என்ன இருட்டினாலும் கண்டுகொள்ளாதே என்று அதற்கு உத்தரவு போட்டேன். அப்பாவாக இருந்தால் படிக்கட்டில் மட்டும் இரண்டை ஏற்றிவிட்டுப் போயிருப்பார்.

அதற்கடுத்ததைச் சொல்ல வெட்கம். உணரியைப் பார்வைக்கு மறைவாக வைக்க ஆசைப்பட்டு, படிக்கட்டுச் சுவரில் ஒரு விளக்குக்கு மேலே பதித்தேன். பொழுது சாய்ந்தது, விளக்கு ஏறியது. வெளிச்சம் உணரியில் பட்டது. விடிந்துவிட்டதாக நினைத்து அணைத்தது. அணைந்ததும் இருட்டு. மறுபடி ஏற்றியது. விருந்தாளிகள் கைதட்டினார்களாம், நத்தார் அலங்காரம் என்று நினைத்து. இந்தத் தொழிலில் சின்னப் பையனும் செய்யாத தவறு. உணரியைக் கூரைக்கு மாற்றினேன். ஏறுவதற்கு 10 லக்ஸ், அணைவதற்கு 40 என்று இடைவெளி விட்டு, இரண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்தே முடிவெடுக்கும்படி வைத்தேன்.

எல்லாம் சரியான பிறகு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்போது எழுபத்தெட்டு வயது, கண்ணில் புரை. முன்வாசலால் வரமாட்டேன் என்று குசினிப் பக்கமாகத்தான் வந்தார். பொழுது சாய்ந்தது. உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். அவர் கையை இறக்குமுன் ஐந்து வலயமும் வரிசையாக ஏறின. மரத்தடி, படி, பாதை எல்லாம் தங்கம் பூசியதுபோல. ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். பிறகு கேட்டார்:

“நல்லாத்தான் இருக்கு. அணைக்கிறது யாருடா?”

“அதுவே அணைஞ்சுக்கும்பா. பதினோரு மணிக்கு.”

“தொரைமாரு அந்நேரம் வெளிய ஒக்காந்திருந்தா?”

நான் சிரித்தேன். அந்த வாரமே, பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருந்த ஜெர்மன்காரர்கள் பன்னிரண்டு பேர் கையில் கிளாசோடு புல்தரையில் கும்மிருட்டில் நின்றார்கள். அதன் பிறகு பெட்டிக்குப் பக்கத்தில் கையால் போடும் சுவிட்ச் ஒன்று வைத்தேன். அந்தச் சுவிட்சைப் போட்டு அணைக்க, யார் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள், யார் எந்த நிலையில் திரும்பினார்கள் என்று பார்த்துச் செய்ய, ஹோட்டல் ஒரு பையனை வேலைக்கு வைத்தது. எங்கள் லயத்துப் பையன்தான். அப்பாவின் வேலை அப்படி மீண்டும் தோட்டத்துக்கு வந்தது.

2014 ஒக்டோபரில் இன்னொரு வேலை கேட்டார்கள். புல்லுக்குத் தண்ணீர் அதிகமாகி வேர் அழுகாமல் இருக்க, மண்ணின் ஈரத்தை அறிந்து தானாக நிறுத்தும் கருவி. அதற்கு நான் படம் வரைந்துகொண்டிருந்த வாரத்தில்தான், 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களின் மேல் இறங்கியது. அந்தச் சரிவு ஆபத்தானது, ஆட்களை அகற்றுங்கள் என்று 2005இலும் அதற்குப் பிறகும் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை இருந்தது, அதோடு சேர்த்துக்கட்டிய ரிலே இல்லை. புல்லுக்கான கருவியை நவம்பரில் மாட்டிக் கொடுத்தேன்.

இப்போது அந்தக் காலி ரிலேக்கு வருகிறேன்.

ஹோட்டல் குசினியில் வேலை பார்க்கும் பெண்கள் ராத்திரி பத்து மணிக்கு முடித்துவிட்டுப் பின்வாசலால் லயத்துக்கு இறங்குவார்கள். கருங்கல் படி, ஒரு பக்கம் வடிகான், ஒரு பக்கம் தேயிலை. அத்தை முறையுள்ள ஒருத்தி ஒருநாள் கேட்டாள்:

“ஏன் மருமகனே, மரத்துக்கெல்லாம் லைட்டு போடுறீங்களே, இந்தப் படிக்கு ஒண்ணு போட்டா என்னா?”

“வோல்டேஜ் பத்தாது அத்தை” என்றேன்.

பொய் இல்லை. 12 வோல்ட் நடக்கத் தெரியாத குழந்தை. லயத்துப் பீலித் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். முதல் வீட்டில் கொட்டும், கடைசி வீட்டில் சொட்டும். அதே கதை. பழைய 20 வாட் ஹாலஜன் விளக்கு ஐந்தை 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 50 மீட்டர் தள்ளிப் போட்டால், 12இல் 6 வோல்ட் வயரிலேயே தீர்ந்துபோகும். விளக்கு பீடி நெருப்பாகத் தெரியும். எல்ஈடி வந்து நிலைமை தேறிவிட்டது என்றாலும், லயத்துப் படியின் கடைசிக்குப் பெட்டியிலிருந்து 180 மீட்டர். மூன்று வாட் விளக்கு எட்டு என்றால் 5 வோல்ட்டுக்கு மேல் வழியில் போய்விடும். அப்பா லாம்பைத் தூக்கிக்கொண்டு அதே தூரம் இறங்குவார். லயத்து வாசலிலும் அதே வெளிச்சம்தான்.

பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. 12க்குப் பதில் 24 வோல்ட்டில் கொண்டுபோனால் கரண்ட் பாதியாகும், வழியில் போகும் வோல்ட்டும் பாதியாகும். முகப்பில் 24, கடைசியில் 21க்கு மேல். அதற்கேற்ற எல்ஈடி நன்றாகவே எரியும். இது எனக்கு அத்தை கேட்ட நிமிஷத்திலேயே தெரியும். அவளுக்கு வோல்டேஜ் தெரியாது என்பதும் தெரியும்.

மனச்சாட்சி உறுத்தி, சைப்ரஸ் மரத்தடி விளக்கு ஒன்றைச் சற்றுத் திருப்பி வைத்தேன். ஒன்பது படி தெரிந்தது. அடுத்த மாதம் போனபோது யாரோ அதை மறுபடி மரத்துக்கே திருப்பியிருந்தார்கள். போட்டோவில் மரம் கோணலாகத் தெரிகிறதாம்.

பிறகு 24 வோல்ட் கணக்கை ஒழுங்காக எழுதி மனேஜரிடம் கொடுத்தேன். நல்ல மனிதர், வாசித்தார். குத்தகை வேலியோடு முடிகிறது, படி தோட்டக் கம்பெனிக்குச் சொந்தம் என்றார். தோட்ட ஆபீசில் கேட்டேன். படி பங்களாவோடு சேர்ந்தது என்றார்கள். இரண்டு பேரிடமும் வரைபடம் இருக்கிறது. இரண்டிலும் படி மற்றவர் பக்கம். 2022இல் பதின்மூன்று மணிநேரக் கரண்ட் வெட்டு வந்தபோது ஹோட்டல், படி, லயம் எல்லாம் ஒரே இருட்டாக இருந்தன. அந்த மார்ச் கடைசியில் எல்லை வழக்கு எழவில்லை. பாணந்துறையில் ஒரு குரங்கு துணை மின்நிலையத்தில் ஏறி நாடு முழுவதும் இருண்டதாக அமைச்சர் சொன்ன 2025 பெப்ரவரி ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான்.

ஆறாவது ரிலே புதிதாகவே இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை அதையும் தட்டிப் பார்க்கிறேன், ‘டிக்’ என்று போட்டுக்கொள்கிறது. எதிர்ப்பக்கம் வயர் இல்லை. பித்தளை விளக்கு ஒன்றின் விலை 2024இல் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் பத்துப் பேர். எட்டு விளக்குக்கு எண்பது பேர். வயருக்கு வேறு. நான் என் கையிலிருந்து போட்டிருக்கலாம். போடவில்லை.

அந்தப் பக்கம் வருகிறவர்கள் தோட்டத்து விளக்கைப் பாருங்கள், அழகாகத்தான் இருக்கும். ராத்திரியில் லயத்துக்கு இறங்குவதாக இருந்தால் டார்ச் கொண்டுபோங்கள். மொத்தம் அறுபத்திரண்டு படி. நாற்பத்தோராவது உடைந்திருக்கிறது.